மைசூர் மல்லிகையும் முல்லைத் திணையும்
கன்னடக் கவிஞர் கே.எஸ். நரசிம்மசுவாமி கற்பிக்கும் காதல்



காதல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வீடுகளில் இரண்டு விதமான முகங்களைக் காணலாம். பிள்ளைகள் முகத்தில் ஒரு சிரிப்பு. பெற்றோர் முகத்தில் ஒரு கலக்கம். பிள்ளைகளுக்குக் காதல் என்றால் சினிமா. பெற்றோருக்குக் காதல் என்றால் வேறு சாதி, வேறு மொழி, உறவினர் கேட்கப்போகும் கேள்விகள். இரு சாராருமே காதலைத் திருமணத்துக்கு முன்னால் நடக்கும் ஒரு விஷயமாகத்தான் எண்ணுகிறார்கள். தாலி கட்டியதும் படம் முடிந்துவிடுகிறது, விளக்கைப் போட்டுவிடுகிறார்கள்.

சினிமா முடிகிற அந்த இடத்தில் தன் பாட்டைத் தொடங்கிய ஒரு கவிஞர் நாம் வாழும் இதே பெங்களூரில் வாழ்ந்தார். கன்னட மக்கள் அவர் பாடல்களை வீட்டுக்கு வீடு பாடுகிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்டும், அது என்ன சொல்கிறது என்று அறியாமல் நம்மவர் பலர் மூன்று தலைமுறையாக இங்கே வாழ்கிறோம். அவரைப் பற்றி ஒரு பாடமாக எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இலக்கியம் பயின்றவன் அல்லன். பொறியியலில் பட்டயம் பெற்று, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே புலமை காட்டாமல், நான் விளங்கிக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

மேற்கில் தோன்றிய மரபு

ஆங்கிலத்தில் ரொமாண்டிக் கவிஞர்கள் என்று ஒரு கூட்டத்தாரைக் கூறுவர். தமிழ்ப் பேராசிரியர்கள் இதைப் புனைவியல் என்பார்கள். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் 1798ல் வெளியிட்ட ஒரு கவிதைத் தொகுதியோடு இவ்வியக்கம் ஆங்கிலத்தில் வேரூன்றியது. மன்னர்களையும் மாவீரர்களையும் விட்டுவிட்டு, சாதாரண மனிதனின் உள்ளத்தையும் இயற்கையையும் எளிய மொழியில் பாடுவது இவர்கள் கொள்கை.

இவர்கள் காதலைப் பெரும்பாலும் ஏக்கமாகவே பாடினார்கள். கீட்ஸ் தான் விரும்பிய பெண்ணை மணக்க முடியாமலேயே 1821ல் தம் 25ஆம் வயதில் ரோம் நகரில் காசநோயால் இறந்தார். ஷெல்லி, 'காதலைப் பற்றி' என்று ஒரு சிறு கட்டுரையே எழுதினார். நம் உள்ளத்துக்கு ஈடான இன்னோர் உள்ளத்தைத் தேடி அலைவதே காதல் என்பது அதன் சாரம். அத்தகைய உள்ளம் உலகில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் அந்தத் தேடலுக்கு முடிவும் இல்லை. அவரும் 1822ல் இத்தாலிக் கடலில் மூழ்கி, 30 வயது நிறையுமுன்பே மறைந்தார்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஒருவர் ஸ்காட்லாந்தில் இருந்தார். ராபர்ட் பர்ன்ஸ் (1759–1796). குத்தகை விவசாயியின் மகன்; தாமும் ஏர் பிடித்தவர்; பிறகு அரசின் கலால் துறையில் வேலை பார்த்தவர். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிச் சேர்த்து, அந்த மெட்டுகளில் ஊர்ப் பேச்சிலேயே காதல் பாட்டுகள் எழுதினார். முதிய மனைவி ஒருத்தி, தன் கணவனின் நரைத்த தலையைப் பார்த்து, இருவரும் சேர்ந்து ஏறிய மலையிலிருந்து இனிக் கைகோத்து இறங்குவோம் என்று சொல்வதாக அவர் பாடிய பாட்டு ஒன்று புகழ் பெற்றது. ஏக்கத்தைப் பாடியவர்கள் நடுவே, கூடி வாழ்ந்த காதலையும் பாடியவர் இவர். நம் கவிஞருக்கு மிகவும் பிடித்தவரும் இவரே. பர்ன்ஸின் காதல் பாட்டுகள் சிலவற்றை அவர் கன்னடத்தில் மொழிபெயர்த்திருக்கிறார்.

கன்னட மண்ணுக்கு வந்த கதை

பி.எம். ஸ்ரீகண்டையா என்ற ஆங்கிலப் பேராசிரியர், 1920களில் ஆங்கிலப் பாடல்களைக் கன்னடமாக்கி 'இங்கிலீஷ் கீதகளு' என்ற நூலைத் தந்தார். பழைய செய்யுள் நடையிலிருந்து விலகி, பேச்சுக்கு நெருங்கிய மொழியில், புதிய சந்தங்களில் பாட முடியும் என்று அந்நூல் காட்டியது. நவோதயம் என்று கன்னடர் சொல்லும் மறுமலர்ச்சிக்கு அது வழி திறந்தது. குவெம்பு, பேந்த்ரே, பு.தி. நரசிம்மாசார் முதலியோர் இக்காலத்துப் பெருங்கவிஞர்கள். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று போற்றப்படும் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் இவ்வணியைச் சேர்ந்தவர். அவருக்கு வீட்டில் பேசும் மொழி தமிழ் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, கன்னடத்துக்கு எழுதி, 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்றவர் அவர்.

தமிழிலும் இதே காற்று சற்று முன்னதாகவே வீசியது. நம் பாரதியார் ஷெல்லியிடம் கொண்ட ஈடுபாட்டால் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் என்பது நாம் அறிந்ததே.

கவிஞரின் வாழ்க்கை

கே.எஸ். நரசிம்மசுவாமி 1915ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று மாண்டியா மாவட்டத்துக் கிக்கேரி என்ற ஊரில் பிறந்தார். அரசு அலுவலகங்களில் பணிபுரிந்து வாழ்ந்தவர். மாதச் சம்பளம், வாடகை வீடு, இடமாற்றம் என்று நம்மில் பலர் வாழ்ந்த வாழ்க்கையே அவருடையதும். மணமான சில ஆண்டுகளுக்குப் பின், 1942ல், 'மைசூரு மல்லிகெ' என்ற முதல் தொகுதி வெளிவந்தது. நாடு முழுவதும் வெள்ளையனே வெளியேறு இயக்கம் கொழுந்துவிட்ட அந்த ஆண்டில், ஓர் இளங்கணவன் தன் மனைவியைப் பற்றிப் பாடிய இந்தச் சிறு நூல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ பதிப்புகள் கண்டுவிட்டது.

பிற்காலத்தில் அவர் நடை மாறியது. 'ஷிலாலதெ' போன்ற தொகுதிகளில் புதுக்கவிதையின் சாயலும் வாழ்க்கையின் கசப்பும் தெரியும். 'தெரெத பாகிலு', அதாவது 'திறந்த கதவு' என்ற நூலுக்கு 1977ல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. ஆனாலும் மக்கள் மனத்தில் அவர் மல்லிகைக் கவிஞராகவே நிலைத்துவிட்டார். 1990களின் தொடக்கத்தில் டி.எஸ். நாகாபரணா இப்பாடல்களைக் கோத்து ஒரு திரைப்படமே எடுத்தார். சி. அஸ்வத் இசையமைத்தார். அப்படத்தின் பாடல்களுக்காகக் கவிஞருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. 2003ல் பெங்களூரில் காலமானார்.

நான்கு பாடல்கள், நான்கு பாடங்கள்

இனி, 'மைசூரு மல்லிகெ'யிலிருந்து நான்கு பாடல்களின் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதல் பாடல், மாமனார் வீட்டுக்கு மருமகன் வரும் பாட்டு. இரவு நேரம், வானத்தில் முழுநிலவு, வீட்டில் மல்லிகை மணம். வந்தவருக்கு உபசாரம் தடபுடலாக நடக்கிறது. ஆனால் அவர் கண் தேடுவது ஒருத்தியை. அவள் மட்டும் தென்படவில்லை. எவ்வளவு எளிய செய்தி பாருங்கள்! மணமாகிவிட்ட பிறகும் ஒருவன் தன் மனைவியின் முகத்தைக் காணத் தவிக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது முதல் பாடம்.

இரண்டாவது, வளையல்காரர் சென்னய்யாவின் பாட்டு. மனைவி தாய் வீட்டில் இருக்கிறாள். ஊர் ஊராக வளையல் விற்கும் சென்னய்யா, கணவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். வளையல் விற்க வரவில்லை, அங்கிருந்து ஒரு சொல் கொண்டுவந்திருக்கிறேன் என்கிறார். அவள் நிலையை எடுத்துச் சொல்லி, வந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். நம் அக இலக்கியத்தில் தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே தூது செல்லும் பாணன், தோழி முதலியோரை 'வாயில்கள்' என்று இலக்கணம் கூறும். சென்னய்யா அப்படிப்பட்ட ஒரு வாயில். பிரிவு காதலைக் கெடுப்பதில்லை. வளர்க்கிறது என்பது இரண்டாம் பாடம். என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். தண்டவாளங்களை முனையோடு முனை இணைக்கும் பழைய முறையில், நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் பூட்டுவோம். வெயிலில் இரும்பு நீளும். நீள இடமில்லை என்றால் பாதையே வளைந்துவிடும். குடும்பத்திலும் அப்படித்தான். ஆனால் அந்த இடைவெளியை இணைத்துப் பிடிக்க இரு பக்கமும் பட்டையும் போல்ட்டும் வேண்டும். சென்னய்யா கொண்டுவந்த சொல் அந்த வேலையைச் செய்கிறது.

மூன்றாவது, அரிசி ஆயும் பாட்டு. புதிதாக மணமான ஓர் ஏழைப் பெண் முறத்தில் அரிசி ஆய்கிறாள். நொய்க்கும் கல்லுக்கும் நடுவே அவள் விரல்கள் ஓடுகின்றன. அந்த விரல்களில் தங்கம் இல்லை. கவிஞர் அந்த விரல்களைத்தான் பார்க்கிறார். நகை இல்லாத கை, தினமும் செய்யும் வேலை, அதன்மேல் ஓர் அன்பான பார்வை. பாட்டுக்கு இவை போதும் என்று முடிவு செய்கிறார். காதலுக்குத் தனி இடமும் தனி நேரமும் வேண்டாம், சமையற்கட்டு போதும் என்பது மூன்றாம் பாடம்.

நான்காவது பாட்டுத்தான் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு மிகவும் நெருக்கமானது. ஒரு கனவில் கணவன் மனைவியிடம், உனக்கு எங்கள் ஊர் அழகா, உங்கள் ஊர் அழகா என்று கேட்கிறான். இதையெல்லாம் ஏன் என்னிடம் கேட்கிறீர்கள், சும்மா இருங்கள் என்று அவள் செல்லமாகத் தட்டிக் கழிக்கிறாள். வந்த வீட்டைக் குறைவாகச் சொல்லவும் முடியாது. பிறந்த ஊரை விட்டுக்கொடுக்கவும் மனம் வராது. அந்தச் சங்கடத்தைக் கவிஞர் சிரிப்போடு காட்டுகிறார். மனைவியை நேசிப்பவன் அவள் ஊரையும், அவள் பேச்சையும், அவள் வீட்டு மனிதர்களையும் சேர்த்தே நேசிக்க வேண்டும் என்பது நான்காம் பாடம்.

இதில் என் சொந்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். என் மூத்த மகன் மணந்தது ஹாசன் பக்கத்துக் கன்னடப் பெண்ணை. அவன் விஷயத்தைச் சொன்ன நாளில், பேரப்பிள்ளைகள் என்ன மொழி பேசும் என்ற கவலைதான் எங்களுக்கு முதலில் வந்தது. மருமகள் வீட்டு வேலை செய்யும்போது மெல்லப் பாடிக்கொண்டிருப்பாள். வேலையில் இருந்த காலத்திலேயே நான் கன்னட எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தேன். ஆனால் படித்ததெல்லாம் ஸ்டேஷன் பலகைகளும் அரசுக் கடிதங்களும்தான். அவளிடம் அந்தப் பாட்டுக்குப் பொருள் கேட்டேன். இந்த ஊர்ப் பாட்டைத்தான் அவள் பாடிக்கொண்டிருந்தாள். சொல்லுக்குச் சொல் விளக்கினாள். பிறகு, "மாமா, தமிழில் இப்படி இருக்கிறதா?" என்று கேட்டாள். என் மனைவி உடனே, "இதைவிடப் பழையது இருக்கிறதம்மா, உட்கார், சொல்கிறேன்" என்றாள். அன்று எங்கள் வீட்டில் குறுந்தொகை வெளியே வந்தது. பேரப்பிள்ளைகள் இப்போது இரண்டு மொழியும் பேசுகிறார்கள்.

நம் திணை மரபில் இதன் இடம்

என் மனைவி அன்று எடுத்துக் காட்டியது குறுந்தொகையின் 167ஆம் பாடல். பாடியவர் கூடலூர் கிழார். மணமகள் குடித்தனம் செய்யும் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்லும் பாட்டு. அந்த இளம்பெண் முற்றிய தயிரை விரலால் பிசைந்து, அதே விரலை உடுத்த சேலையில் துடைத்துக்கொண்டு, அதைத் துவைக்காமலே, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே சமைத்த புளிக்குழம்பைக் கணவனுக்குப் பரிமாறுகிறாள். அவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மலர்ந்தது, ஆனால் பிறர் எளிதில் காண முடியாத அளவு நுட்பமாக மலர்ந்தது என்கிறார் புலவர்.

அரிசி ஆயும் விரல்களையும் தயிர் பிசையும் விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி, இரண்டு மொழிகள், ஆனால் பார்வை ஒன்று.

தொல்காப்பியம் காதலைக் களவு, கற்பு என்று இரண்டாகப் பிரித்து, களவியல், கற்பியல் என்று இரண்டுக்கும் இயல் வகுத்தது. திருமணத்துக்கு முன் மறைவாக வளர்வது களவு. மணந்தபின் இல்லறத்தில் வளர்வது கற்பு. காதல் மணத்தோடு முடிகிறது என்ற எண்ணம் நம் மரபில் இல்லை. மணத்துக்குப் பின்னும் ஊடலும் பிரிவும் காத்திருத்தலும் கூடலும் உண்டு என்று இலக்கணமே விரித்துப் பேசுகிறது. ஐந்திணைகளில் முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். கார்கால மாலையில், கணவன் வருவான் என்று நம்பிக் காத்திருக்கும் மனைவியின் திணை அது. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு முழுவதும் இந்தக் காத்திருத்தலே.

இல்லறக் காதலுக்கு நம் முன்னோர் முல்லைப்பூவை அடையாளமாக வைத்தார்கள். நரசிம்மசுவாமி மல்லிகையை வைத்தார். முல்லையும் மல்லிகையும் ஒரே குடும்பத்துப் பூக்கள். இவர் நம் முல்லைப் பாடல்களைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த மெட்டு, இந்த மண்ணில் விழுந்தவுடன் இந்த மண்ணின் மணத்தோடு பூத்தது என்பதே நான் சொல்ல விரும்புவது. மேலைநாட்டுக் கவிஞர்கள் பலர் எட்டாத ஒன்றுக்கு ஏங்கினார்கள். இவர் எட்டிய ஒன்றை எப்படிப் போற்றுவது என்று பாடினார்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

இதைப் படிக்கும் சகோதரிகள் ஒரு கேள்வி கேட்பார்கள். அரிசி ஆய்வதும் அவள், தயிர் பிசைவதும் அவள், காத்திருப்பதும் அவள். பார்த்துப் பாட மட்டும் கவிஞரா? நியாயமான கேள்வி. இந்தப் பாடல்கள் தோன்றிய காலத்துக் குடும்பம் அப்படி இருந்தது. இன்று பெங்களூரில் கணவனும் மனைவியும் காலையில் வேறு வேறு பேருந்தைப் பிடித்து ஓடுகிறார்கள். அரிசி கல் நீக்கியே பாக்கெட்டில் வருகிறது.

இங்கே நமக்குத் துணை வருபவர் பாரதியார். பெண்ணைத் தாழ்த்தி வைத்துவிட்டுக் காதலைப் பேசுவதில் பொருள் இல்லை என்பது அவர் கொள்கை. ஆணும் பெண்ணும் சமம் என்றால்தான் அது காதல் என்று வாதாடியவர் அவர். 'கண்ணன் பாட்டு' 1917ல் வெளிவந்தது. அதில் அன்பைக் காதலனிடமும் காதலியிடமும் மட்டும் காணாமல், தாய், தந்தை, தோழன், சேவகன், குழந்தை என்று எல்லா உறவிலும் கண்டார். நரசிம்மசுவாமியிடம் உற்றுப் பார்க்கும் கண்ணையும், பாரதியிடம் சமமாக நடத்தும் மனத்தையும் நாம் கற்றுக்கொள்ளலாம். இன்றைய கணவன் மனைவியின் விரல்களைப் பார்த்துப் பாடினால் மட்டும் போதாது. முறத்தின் மறுபக்கத்தில் தானும் உட்கார வேண்டும்.

வீட்டில் செய்ய நான்கு பயிற்சிகள்

1. ஒரு விடுமுறை நாளில் குறுந்தொகை 167ஆம் பாடலை உரையோடு குடும்பமாகப் படியுங்கள். அதில் பேசுபவர் யார், கேட்பவர் யார், கணவன் சொல்லும் சொல் எத்தனை என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

2. கன்னடம் பேசும் அண்டை வீட்டார் ஒருவரிடம் 'மைசூரு மல்லிகெ'யின் ஒரு பாட்டுக்குப் பொருள் கேளுங்கள். பதிலுக்கு முல்லைப்பாட்டின் கதையைச் சொல்லுங்கள்.

3. தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் காலத்தில் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே செய்தி கொண்டுவந்தவர் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். தபால்காரரா, பால்காரரா, வளையல்காரரா?

4. கணவனும் மனைவியும் மற்றவர் பிறந்த ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதிப் பாருங்கள். எத்தனை வரி வருகிறது என்பதிலேயே விஷயம் விளங்கிவிடும்.

முடிவாக

1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது இந்நகரத்தில் தமிழ் மக்கள் பட்ட துன்பத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2009 ஆகஸ்டில் அல்சூரில் திருவள்ளுவர் சிலையும், அதே மாதத்தில் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டன. இரண்டு மாநிலங்களும் கவிஞர்களைக் கொண்டு கைகுலுக்கிய நல்ல நாட்கள் அவை. ஆனால் சிலையைப் பேருந்தில் போகும்போது பார்த்துவிட்டுப் போய்விடலாம். பாட்டைப் படித்தால்தான் அது நம் வீட்டுக்குள் வரும்.

நம் பிள்ளைகள் யாரை மணப்பார்கள், எந்த மொழிக்காரரை மணப்பார்கள் என்பது இனி முழுவதும் நம் கையில் இல்லை. மணந்தபின் அந்த வீட்டில் அன்பு எப்படி நிலைக்கும் என்பதைக் கற்றுக்கொடுப்பது இன்னும் நம் கையில் இருக்கிறது. அதற்குக் குறுந்தொகையும் உதவும். 'மைசூரு மல்லிகெ'யும் உதவும். இரண்டையும் ஒரே அலமாரியில் வையுங்கள்.